பொருள்: மனைவி பேசாமை தொடர்பாக

கண்ணாயிரம் தன் மனைவியைப் பற்றி ஒரு மனு எழுதினார். இரண்டு பக்கம். கணினியில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அதைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினார். கையெழுத்துக்குக் கீழே ‘துணை வட்டாட்சியர்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ‘ஓய்வு’ என்ற சொல், பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்ற அளவில் இருந்தது.

‘பொருள்: மனைவி திருமதி மாலதி (வயது 57) கடந்த நான்கு மாதங்களாக மனுதாரரிடம் பேசாமை தொடர்பாக. பார்வை: மகள் இளமதி தொலைபேசியில் தெரிவித்த தகவல்.’ அதன்கீழ், மனுதாரர் முப்பத்தாறு ஆண்டுகள் கறைபடாத அரசுப் பணி ஆற்றியவர் என்பது முதல் பத்தி. அது எப்படியெல்லாம் கறைபடாமல் இருந்தது என்பது இரண்டாம், மூன்றாம், நான்காம் பத்திகள். மாலதி ஐந்தாம் பத்தியில் வந்தாள். ஒன்றரை வரி.

மனு போய்ச் சேர்ந்த இடம் கடலூர். பெறுநர் இருசம்மாள் என்பவர். மனநலத் துறையில் கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கர். ஆஸ்பத்திரி வார்டுகளில் இருபத்தெட்டு வருஷம் மனிதர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, இப்போது வீட்டில் உட்கார்ந்து செல்போன் திரை வழியாகக் கேட்கிறார். பெங்களூரிலிருந்து மகள் இளமதி தேடிப் பிடித்து ஏற்பாடு செய்தது. வாரம் ஒரு நாள், புதன்கிழமை பதினோரு மணி.

கண்ணாயிரத்துக்கு இதில் இரண்டு ஆட்சேபணைகள் இருந்தன. முதலாவது, அந்த அம்மாள் டாக்டர் இல்லை.

“சோஷியல் ஒர்க்குன்னா? கோயில் கொளத்துல பாசி அள்றதா?”

“அப்பா, அவுங்க அதுக்குன்னே படிச்சவங்க. எத்தனையோ குடும்பத்தப் பாத்தவங்க.”

இரண்டாவது, பெயர். மனநலம் என்றால் ஏதாவது வடக்கத்திப் பெயராக, கேட்டதுமே கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். “இருசம்மாளா? காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பேரால்ல இருக்கு?”

“அந்தப் பக்கம்தான். நீங்க பேசுறது அவுங்களுக்காவது புரியட்டும்னுதான் புடிச்சேன்.”

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். நேரில் போயிருக்கலாம். ஆனால் கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் (பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் வேலை செய்கிறார்கள்) அவர் பதினேழு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்த ஊரில் ‘மனநலம்’ என்று பலகை மாட்டிய வாசலில் அவர் செருப்பைக் கழற்றுவதை ஒருவர் பார்த்தால் போதும், மதியச் சாப்பாட்டுக்குள் பென்ஷனர் சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். கடலூரில் யார் கண்ணிலும் படாமல் கடலூர் அம்மாளிடம் பேச, திரைதான் வசதி.

ஆட்சேபணைகளை மீறி அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் தையல் மிஷின். மாலதி பேசுவதை நிறுத்திய பிறகும் வீட்டில் பேச்சு நிற்கவில்லை. மிக்ஸியிடம் “சாப்பாடு எடுத்து வெச்சாச்சு” என்பாள். மின்விசிறியிடம் “காஸ் தீந்துபோச்சு” என்பாள். அவர் அந்தப் பொருள்களின் சார்பாகச் செவிமடுத்துத் தேவையானதைச் செய்துகொண்டு வந்தார். ஆனால் போன மாதம் மகளிடம் போனில் சொன்னது வேறு மாதிரி.

“அடுத்த மாசக் கடைசியில காடாம்புலியூர் போயிடுறேன். தம்பி செத்ததுலேருந்து அவங்கூட இருந்த எங்க சின்னம்மா ஒண்டியா கெடக்குறா. நான் அங்கியே இருந்துக்குறேன்.”

மறுநாள் ஒரு குட்டி யானை வண்டி வாசலில் நின்றது. தையல் மிஷின் ஏறிப் போனது. புடவை எடுத்துப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள். தையல் மிஷினை அனுப்புகிறவர்கள் வரமாட்டார்கள். இது சட்டம் படிக்காமலே கண்ணாயிரத்துக்கு விளங்கியது.

முதல் புதன்கிழமை மேலே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கீழே கைலி என்று அமர்ந்தார். முதுகுக்குப் பின்னால், விழாக்களில் கிடைத்த கேடயங்கள் திரையில் முழுசாகத் தெரிகிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தார். எதிரே இருசம்மாள் காட்டன் புடவையில், மூக்கின் நுனியில் கண்ணாடியோடு, கையில் ஒரு டம்ளர் மோரோடு இருந்தார். பின்னால் வெறும் சுவர். ஒரு சான்றிதழ்கூட இல்லாத சுவரைக் கண்ணாயிரம் சந்தேகத்தோடு பார்த்தார்.

“வணக்கம் சார். நாம பேசுறது நம்மளோட. உங்க பொண்ணுகிட்டகூடச் சொல்ல மாட்டேன். கேக்குற தூரத்துல வேற யாராச்சும் இருக்காங்களா?”

“யாருமில்லை” என்றார் கண்ணாயிரம். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி அந்த நேரம் பார்த்து நின்றது.

“மனுவப் படிச்சேன். கடைசியில ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு’ன்னு போட்டிருக்கீங்க. என்னா நடவடிக்க?”

“அவளைக் கூப்பிட்டு விசாரிக்கணும்.”

“விசாரிச்சு?”

“பேசச் சொல்லணும்.”

“நான் சொன்னா பேசிடுவாங்களா?”

“உங்களுக்கு அதிகாரம் இருக்குல்ல?”

“ஒண்ணும் கெடையாது சார்” என்று இருசம்மாள் மோரைக் குடித்தார். “யாரு வந்திருக்காங்களோ அவுங்ககிட்டதான் நான் பேச முடியும். நீங்க வந்திருக்கீங்க.”

புகார் கொடுக்கப் போனவனையே பெஞ்சில் உட்கார வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. அன்றைக்கு மீதி நேரத்தில் தன் பணி வரலாற்றைச் சொன்னார். இருசம்மாள் குறுக்கிடவில்லை. முடிவில் ஒரே ஒரு கேள்வி. “அவுங்க கடைசியா உங்ககிட்ட நேரா பேசுனது என்னா?”

அதற்கு அவருக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. இரண்டாவது புதன்கிழமை சொன்னார்.

“‘வேட்டி அயன் பண்ணி கட்டில் மேல இருக்கு’ன்னு சொன்னா.”

“எங்கியோ கெளம்பிட்டு இருந்தீங்களா?”

“மச்சான் படத்திறப்புக்கு.”

தை மாதம் மாலதியின் தம்பி காத்தவராயன் மாரடைப்பில் போய்விட்டான். ஐம்பத்து நாலு வயது. பதினாறாம் நாள் காடாம்புலியூரில் பந்தல் போட்டு, மாலை போட்ட படத்தைத் திறந்துவைத்து, ஊர்க்காரர்கள் நாலு வார்த்தை பேசினார்கள். கண்ணாயிரம் மட்டும் நாற்பது நிமிஷம் பேசினார். மைக்கைக் கண்டால் அவருக்கு அப்படித்தான். பதவியில் இருந்தவரை எந்தச் சாவிலும் அவருக்குத்தான் முதல் நாற்காலி. ஓய்வுக்குப் பிறகு நாற்காலி போய்விட்டது, மைக் தங்கிவிட்டது.

“ஊரே கைதட்டுச்சு மேடம். எழவு வீட்டுல கைதட்டு வாங்குனவன் நான் ஒருத்தன்தான்.”

“அந்தப் பேச்சு ஞாபகம் இருக்கா சார்?”

ஞாபகமா? அதை இருநூறு பிரதி புத்தகமாகவே போட்டிருந்தார். ‘நேர்மையின் பாதையில்’ என்பது தலைப்பு. அட்டையில் கண்ணாயிரம். காத்தவராயன் உள்ளே, ஏழாம் பக்கத்தில், தபால்தலை அளவில்.

மூன்றாவது புதன்கிழமை, கூட்டத்தில் பெரிய வரவேற்பைப் பெற்ற பகுதியை அவர் எழுந்து நின்று பேசிக் காட்டினார். எழுந்ததில் கைலி திரையில் தெரிந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. இருசம்மாள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. மக்கள் குறைகேட்கும் நாள். முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் என் மைத்துனன் காத்தவராயன்! முந்திரித் தோப்புக்கு நடைபாதை வேண்டும் என்று கையிலே மனு, தலையிலே பலாப்பழம்! என்னைப் பார்த்து மாமா என்றான். நான் சொன்னேன், இந்த அலுவலகத்திலே மாமன் இல்லை, மச்சான் இல்லை. அதிகாரி உண்டு, மனுதாரர் உண்டு! மூன்று மணி நேரம் வெயிலிலே நிற்க வைத்தேன். பலாப்பழமே ஆனாலும் கையூட்டு கையூட்டுதான் என்று திருப்பி அனுப்பினேன். மனுவை, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுக என்று சட்டப்படி முடித்துவைத்தேன். அந்த நேர்மையைக் கண்டு வியந்தவன்தான் இன்று படமாக இருக்கும் காத்தவராயன்!”

கைதட்டுக்கு விட்ட இடைவெளியில் கைதட்டு வரவில்லை. திரையில் இருசம்மாள் அசையாமல் இருந்தார். நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தார்.

“மேடம், கேக்குதா?”

“கேக்குது சார். ஒக்காருங்க. அந்தப் பழம் யாருக்கு?”

“எனக்குத்தான். அதிகாரிக்கு.”

“அப்பிடின்னு அவரு சொன்னாரா?”

கண்ணாயிரம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சமையலறையில் சத்தம் எதுவும் இல்லை. ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொல்லி இருசம்மாள் முதல் வாரமே சொல்லியிருந்தார், மாட்டியுமிருந்தார். ஆனால் ஹெட்போன் அவர் காதை அடைத்ததே தவிர வாயை அடைக்கவில்லை. மேடைக் குரலில் அவர் இத்தனை வாரமும் பேசியது தெருமுனை இஸ்திரிக்காரர் வரைக்கும் போயிருக்கும்.

இப்போது குரல் தானாக இறங்கியது.

“அக்காவுக்குன்னு சொன்னான்” என்றார். “‘மரத்துல மொதப் பழம், அக்காவுக்கு மாமா’ன்னான். வருஷா வருஷம் மொதப் பழத்த வூட்டுக்கு எடுத்தாந்து குடுப்பான். அந்த வருஷம் மனுவோட கடலூர் வர்றதால, என்கிட்ட குடுத்தா நான் சிதம்பரம் எடுத்துட்டுப் போயிடுவேன்னு நெனச்சிருக்கான்.”

“பேச்சுல இது இல்லியே சார்.”

“அது… அந்த எடத்துல தேவப்படல.”

“சரி. பழத்தத் திருப்பிக் குடுத்தீங்க. அப்பறம் அவரு?”

“எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாப்பு. என் சீட்டுலேருந்து ஜன்னல் வழியாத் தெரியும். பண்ருட்டி வண்டி ரெண்டேகாலுக்குத்தான். அதுவரைக்கும் பழத்தத் தலையில வெச்சிட்டு நின்னுட்டு இருந்தான். கீழ எறக்கி வெக்கல.”

இருசம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “மாலதி அம்மாவுக்கு இது எப்பத் தெரியும்?”

“பழம் கொண்டாந்ததே அன்னிக்குப் பந்தல்லதான் தெரியும். நான் வூட்டுல சொன்னதில்ல.”

“ம். ஊரு கைதட்டுறப்ப.”

கேள்வி இல்லை என்பதால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் சிரமமாக இருந்தது.

நான்காவது புதனுக்குள் கண்ணாயிரம் சுறுசுறுப்பாகிவிட்டார். குறை என்னவென்று தெரிந்துவிட்டால் கோப்பை முடித்துவிடலாம் என்பது அவர் துறையின் நம்பிக்கை. ஒரு வருத்தக் கடிதம் தயாரித்து வாசித்துக் காட்டினார். “மேற்படி நிகழ்வால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய மன வருத்தத்திற்கு…”

“ஏற்பட்டிருக்கக்கூடிய?” என்றார் இருசம்மாள்.

“அதான் வழக்கமான வாசகம் மேடம்.”

“தானா ஏற்பட்டுச்சா சார்?”

கடிதத்தை மடித்து வைத்தார். “அப்ப ஒண்ணு செய்யுறேன். பண்ருட்டி போயி நல்லதா, பெருசா ஒரு பலாப்பழம் வாங்கியாந்து அவ முன்னால வெச்சிடுறேன்.”

“வெச்சா?”

“மனசு எறங்கும்ல.”

“ஒரு காரியம் ஆவணும்னு பழத்தத் தூக்கிட்டுப் போறதுக்கு உங்க ஆபீஸ்ல என்னா பேரு சார்?”

கண்ணாயிரத்துக்கே சிரிப்பு வந்தது. இருசம்மாளும் சிரித்தார். வார்டுகளில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர்களுக்கு வரும் சிரிப்பு, யாரையும் கீழே தள்ளாதது.

“போன வாரம் ‘அக்காவுக்கு’ன்னு அவரு சொன்னத மட்டும் எங்கிட்டக் குசுகுசுன்னு சொன்னீங்க சார். மேடப் பேச்சத் தெருவுக்கே கேக்கச் சொன்னீங்க.” அவ்வளவுதான் சொன்னார். நேரம் முடிந்திருந்தது. அடுத்த புதன் என்று குறித்துக்கொண்டார்.

மாலதி கிளம்ப வேண்டியது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை கண்ணாயிரம் சமையலறை வாசலில் போய் நின்றார். கையில் தாள் இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார், அது அதிகாரி நிற்பதுபோல் இருந்ததால் அவிழ்த்தார். மாலதி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தம்பி அன்னிக்குப் பழம் கொண்டாந்தது எனக்கில்ல. உனக்குத்தான். அக்காவுக்குன்னு வாய்விட்டுச் சொன்னான். தெரிஞ்சேதான் திருப்பி அனுப்புனேன். அவன் வெயில்ல நின்னத ஜன்னல்ல பாத்துட்டேதான் இருந்தேன். அதையே மைக்குல பெருமையாச் சொன்னேன்.”

கீரை ஆயும் விரல்கள் நின்றன. அவள் மிக்ஸியைப் பார்த்தாள். மேலே மின்விசிறியைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“சாப்புட்டானா?”

ஐந்து மாதம் கழித்து வந்த முதல் வார்த்தை.

“யாரு?”

“அன்னிக்கு. மூணு மணி நேரம் நின்னானே, சாப்புட்டானா?”

“தெரியல.”

அலுவலகத்தில் அவர் ஒருபோதும் உபயோகிக்காத சொல். பரிசீலனையில் உள்ளது என்பார், கோப்பு சுற்றில் உள்ளது என்பார். தெரியல என்று சொன்னதில்லை.

“அந்த வருஷத்துலேருந்து பழம் கொண்டாறதே இல்ல” என்றாள் மாலதி. “ஒவ்வொரு வருஷமும் கேப்பேன். ‘காய்ப்பு இல்லக்கா’ம்பான். அஞ்சு வருஷம். மரத்துக்கு என்னமோ சீக்குன்னு நெனச்சேன். போயி வேப்பம்புண்ணாக்கு போடுடான்னு சொல்லிட்டுருந்தேன். பந்தல்ல நீங்க பேசறப்பதான் தெரிஞ்சிது மரத்துக்கு ஒண்ணும் இல்லன்னு.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி எடுத்துப்போட யாரும் இல்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அவள் கீரைக்குத் திரும்பினாள். “நாளைக்கிப் போறேன்” என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுவே அவருக்கு அதிகமாக உறைத்தது.

சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தார். அவள் தடுக்கவில்லை. பஸ் கிளம்பும்போது, “மோரு தாளிச்சு வெச்சிருக்கேன், ரெண்டு நாளைக்கி வரும்” என்றாள். மூன்றாவது நாளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கண்ணாயிரம் வீட்டுக்கு வந்து, மிக்ஸிக்கு எதிரே உட்கார்ந்து மோர்ச்சோறு சாப்பிட்டார். மிக்ஸியும் பேசவில்லை.

ஞாயிறு மாலை போன் வந்தது. அவளே.

“சின்னம்மா அந்த நடபாதைக்கு மறுபடியும் மனு குடுக்குறா. நாளைக்கித் திங்கக்கெழம. அவளுக்கு முட்டி வலி, நிக்க முடியாது. நீங்க வந்து நில்லுங்க.”

“நிக்கறது எதுக்கு? எங்கிட்ட வேல பாத்த பையன்தான் இப்ப அங்க… ஒரு போன் போட்டா…”

“போன் போடக் கூடாது. இன்னாருன்னு சொல்லக் கூடாது. வரிசையில நிக்கணும். வர்றீங்களா?”

நான்கு வாரமாக எந்த ஊரின் கண்ணில் படக் கூடாது என்று திரைக்குள் ஒளிந்துகொண்டாரோ, அந்த ஊர். அந்த வாசல். கண்ணாயிரம் ஒரு மூச்சு விட்டார்.

“எத்தன மணிக்கு?”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் நூற்றுச் சொச்சம் பேர். மாலதி ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். காலடியில் ஒரு கட்டைப்பை. சின்னம்மாவை மரத்தடி நிழலில் உட்கார வைத்திருந்தாள். கண்ணாயிரம் மாலதிக்குப் பின்னால் போய் நின்றார்.

பதினைந்து நிமிஷத்தில் அவர் காலத்து டவாலி பியூன் பொன்னுரங்கம் பார்த்துவிட்டான். “ஐயய்யோ, சார்! நீங்க எதுக்கு இங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க, ஃபேனுக்கு அடியில ஒக்காருங்க.”

“இல்லப்பா. வரிசையில வர்றேன்.”

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்துகொண்டு போனான். வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாயிரத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. மனதுக்குள் ஒரு வாக்கியம் எழுந்து நின்று தொண்டையைச் செருமியது: ‘எந்த வாசலில் அதிகாரியாக அமர்ந்தேனோ, அதே வாசலில் ஒரு சாதாரண மனுதாரனாக…’

“இன்னா, பேச்சு ரெடியாவுதா?” என்றாள் மாலதி, திரும்பாமலே.

வாக்கியம் உட்கார்ந்துவிட்டது. அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். இந்த அம்மாளுக்கும் இருசம்மாளுக்கும் நடுவில் ஒரு மனிதன் கொஞ்சம் பெருமையாக நினைத்துக்கொள்ளவும் வழியில்லை.

வரிசை நகரவில்லை. பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. கால் கடுத்தது. உள்ளேயிருந்து பார்க்கும்போது இந்த வரிசை இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

“எந்த ஜன்னலு?” என்று கேட்டாள் மாலதி.

அவர் கை காட்டினார். மாடியில், இடமிருந்து மூன்றாவது. அவள் அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு எதிரே பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கண்ணாலேயே அளந்தாள்.

“மூஞ்சி தெரியிற தூரந்தான்.”

“ஆமா.”

“அவன் நிமுந்து பாத்தானா?”

இதை அவர் பந்தலில் சொல்லவில்லை. இருசம்மாளிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சமையலறை வாசலிலும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

“பாத்தான். பஸ்ஸு வந்தப்ப. ஒரு கையால பழத்தப் புடிச்சிக்கிட்டு, இன்னொரு கைய ஆட்டுனான்.”

“நீங்க?”

“ஃபைலப் பாத்தேன்.”

மாலதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா வேறா என்று பின்னால் நின்றவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. முன்னால் யாரோ உள்ளே கூப்பிடப்பட, வரிசை இரண்டடி நகர்ந்தது. கண்ணாயிரம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

அவள் குனிந்து, கட்டைப்பையின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டு, இன்னொரு காதை அவர் பக்கம் நீட்டினாள். உள்ளே சாப்பாட்டுத் தூக்கு இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கானது என்று கனத்திலேயே தெரிந்தது.

“நவுருங்க” என்றாள்.